ஐந்து வருஷம் காத்த கறுப்புச் சுருட்டு

பள்ளிக்கூடத்து வாத்தியார் சுருட்டைப் பற்றி எழுதுவதாவது என்று நேயர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜ தூரத்துக்குள் புகையிலைச் சாமான் எதுவும் விற்கலாகாது என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. அந்தச் சட்டத்தைத் தெரிவிக்கும் பலகையை நமது பள்ளிக்கூடத்து வாசலில் மாட்டுவதற்கு ஆணி அடித்ததே நாம்தான். அப்படிப்பட்ட நாம் மூன்று சுருட்டுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ஐந்து வருஷ காலம் பச்சைக் குழந்தையைப் போல் போஷித்து, பிறகு ஒரு நாள் அவற்றில் ஒன்றைக் கொளுத்திப் பரீக்ஷை பார்த்தோம் என்றால், அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும் அல்லவா? காரணம் இருக்கிறது. அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம்.

சுருட்டு வந்த விதம்

2019-ஆம் வருஷம் பொங்கல் விடுமுறையில் நம்மிடம் படித்த பழைய மாணாக்கர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பத்தாம் வகுப்பில் ரசாயனப் பாடத்தில் நம்மிடம் பல முறை பெஞ்சின் மேல் ஏறி நின்றவர். இப்பொழுது சரக்குக் கப்பலில் எஞ்சினீயர். மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா தேசத்தில் கொரிந்தோ என்னும் துறைமுகத்தில் அவருடைய கப்பல் நின்றபோது வாங்கியதாகச் சொல்லி, கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய மூன்று சுருட்டுகளை மேஜை மேல் வைத்தார்.

"சார், இது உங்களுக்கு இல்லை. தாத்தாவுக்கு" என்றார்.

தாத்தா என்று அவர் குறிப்பிட்டது நமது தகப்பனாரை. தகப்பனார் முப்பத்தெட்டு வருஷ காலம் உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் இலை பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து இறங்கும் புகையிலைச் சிப்பங்களைப் பிரித்து, இது மேலிலை, இது உள்ளிலை, இது தள்ளுபடி என்று தரம் பிரிப்பது அவர் வேலை. இலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் பார்த்துவிடுவார். அவர் சம்பளத்தில்தான் நாம் பி.எஸ்ஸி. படித்தோம்.

தகப்பனார் ஒரு சுருட்டை எடுத்து, மூக்கின் கீழ் ஒரு முறை இழுத்து, வேஷ்டி முனையை நனைத்து அதன் மேல் தேய்த்தார். துணியில் இலேசான பழுப்பு ஏறியது, அவ்வளவுதான். "சாயம் போடலை. நெசமாவே இலைதான் கறுத்திருக்கு" என்றார்.

மதுரமும் மதுரோவும்

அந்தச் சுருட்டின் ஜாதிக்கு 'மதுரோ' என்று பெயர். நேயர்கள் உடனே 'மதுரம்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஸ்பானிய பாஷையில் மதுரோ என்றால் பழுத்தது, முதிர்ந்தது என்று பொருள். சுருட்டின் மேலிலையின் நிறத்தைக் கொண்டு அந்தத் தேசத்தார் வகை பிரிக்கிறார்கள். வெளிறிய பழுப்பு 'கிளாரோ', செம்பழுப்பு 'கொலொராதோ', கரும்பழுப்பு 'மதுரோ', ஏறக்குறையக் கறுப்பே ஆகிவிட்டது 'ஓஸ்குரோ'. நமக்கு வந்தது, உடன்குடிக் கருப்பட்டியின் நிறம் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

நம் மாணாக்கர் கடைக்காரரிடம் கேட்டறிந்தபடி, இந்தச் சுருட்டைக் கட்டியது நிகராகுவாவின் எஸ்தெலி நகரத்தில்; மேலிலை மாத்திரம் மெக்ஸிகோ தேசத்தில் வெராக்ரூஸ் ராஜ்யத்து ஸான் அந்திரேஸ் பிரதேசத்தைச் சேர்ந்தது. எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில், முழு வெயிலில் வளரும் கனமான இலை அது. எஸ்தெலி சுருட்டுக்குப் பெயர் பெற்றதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1959-ல் கியூபாவில் புரட்சி நடந்தது. 1962-ல் அமெரிக்கா கியூபாவுடன் வியாபாரத்தை நிறுத்திற்று. கியூபாவை விட்டுக் கிளம்பிய புகையிலைக் குடியானவர்களில் சிலர் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்டு தங்கிவிட்டார்கள்.

இலை எப்படிக் கறுக்கிறது? பறித்த இலையைக் கொட்டகையில் வாரக் கணக்காகத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பச்சை மாறிப் பழுப்பாகிறது. பிறகு ஈரம் தெளித்து, நம் ஊர் வைக்கோற்போர் போல் ஆள் உயரத்துக்கு அடுக்குகிறார்கள். எருக்குழிக்குள் கைவிட்டால் சுடுகிறதல்லவா? அதே போல் அந்தப் போரின் வயிற்றிலும் தானாகவே உஷ்ணம் ஏறுகிறது. அளவு மீறும் சமயத்தில் போரைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குகிறார்கள். இவ்விதம் புளிக்கும்போது நவச்சார வாடை வெளியேறுகிறது, காரம் தணிகிறது, நிறம் ஆழ்கிறது. மதுரோ இலைக்கு மற்ற இலைகளைவிட அதிக உஷ்ணமும் அதிக காலமும் கொடுக்கிறார்கள். மெல்லிய இலை இந்தச் சோதனையைத் தாங்காமல் கிழிந்துபோம். ஆகையால்தான் தடித்த இலையைத் தேர்ந்தெடுப்பது. அவசரக்காரர்கள் இலையை வேக வைத்தோ சாயம் தடவியோ கறுப்பாக்குவதும் உண்டு. தகப்பனார் வேஷ்டி முனையை நனைத்தது அதற்காகவே.

கறுப்பாக இருப்பதெல்லாம் உக்கிரமானது என்று எண்ணுவதும் தவறு. நிறத்துக்கும் நிக்கோட்டினுக்கும் நேரான சம்பந்தம் கிடையாது. செடியின் உச்சியில் வெயிலைத் தின்று வளர்ந்த இலை உள்ளே எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்ததே உக்கிரம்.

ஆங்கிலேயர் 'செரூட்' என்று சொல்கிறார்களே, அது நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்தான் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். திருச்சினாப்பள்ளிச் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரைக்கும் பிரசித்தம். 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலின் கருநிறத்தைக் கண்டு, கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் தீர்மானிக்கிறார். நம் ஊர்ப் பெயர் உலக இலக்கியத்தில் ஏறிய வழி இது! நாமும் பின்தங்கிவிடவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் 'புகையிலை விடு தூது' என்றே ஒரு பிரபந்தம் பாடி, பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பியிருக்கிறார்.

முதல் தீர்ப்பு

அன்று மாலை தகப்பனார் ஒரு சுருட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பற்றவைத்தார். நாமும் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பார்த்தோம். கண்ணில் நீர் வந்தது. நாக்கு நுனியில் மிளகாய்க் காரம். மூக்கில் பள்ளிக்கூடத்து ரசாயன அறையின் நவச்சார நெடி. ஒரு பக்கம் எரிந்து ஒரு பக்கம் எரியாமல் கோணலாகப் போயிற்று.

தகப்பனார் பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. "இலை நல்ல இலை. கட்டினதும் நல்ல கை. ஆனா அவசரப்பட்டு வித்துட்டாங்க. இன்னும் உள்ளே புளிப்பு அடங்கலை. மீதி ரெண்டையும் அஞ்சு வருஷம் வை. அப்புறம் பார்ப்போம்" என்றார்.

ஐந்து வருஷம் என்று அவர் சொன்னபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

பெட்டிக்குள் ஐந்து வருஷம்

சுருட்டைக் காப்பது ஊறுகாயைக் காப்பதைவிடக் கஷ்டமானது. காற்றில் நூற்றுக்கு 65 முதல் 70 வரையில் ஈரம் இருக்க வேண்டும். குறைந்தால் இலை அப்பளமாக நொறுங்கும். மிகுந்தால் பூஞ்சணம் பூக்கும். திருச்சியிலோ சித்திரை மாதத்தில் 40 டிகிரி வெயில். ஐப்பசியில் சுவரெல்லாம் ஈரம்.

வெப்பத்தினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டில் மஞ்சளையும் கொத்தமல்லி விதையையும் துளைக்கும் சிறிய பழுப்பு வண்டு இருக்கிறதே, அதற்கு உலர்ந்த புகையிலை என்றால் பரம சந்தோஷம். இலைக்குள் முட்டை இருந்தால் வெயிற்காலத்தில் பொரித்து, சுருட்டைப் புல்லாங்குழல் ஆக்கிவிடும். ஆகையால் முதல் காரியமாகச் சுருட்டுகளைக் காற்றுப் புகாமல் சுற்றி, குளிர்பெட்டியின் உறைபனி அறையில் நான்கு நாள் வைத்தோம். இல்லத்தரசி இதைக் கண்டுபிடித்த தினத்தில் நடந்த சம்பாஷணையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. இட்லி மாவுப் பாத்திரம் அன்று முதல் வேறு தட்டுக்கு மாற்றப்பட்டது என்று மட்டும் சொல்கிறோம்.

பிறகு பெட்டி. ஸ்பானிய ஸீடர் என்ற மரத்தால் செய்த சிறு பெட்டி ஒன்றை அந்த மாணாக்கரே வாங்கி அனுப்பினார். பெயர்தான் ஸீடர், உண்மையில் அது நம் வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தை வாங்கியும் விட்டும் சமன் செய்வதோடு நல்ல வாசனையும் கொடுக்கும். அதற்குள் ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தும் பொட்டலம் ஒன்று, ஈரமானி ஒன்று.

ஈரமானியை நம்பலாமா? இங்கேதான் வாத்தியார் தொழில் கைகொடுத்தது. சாப்பாட்டு உப்பை ஒரு சிறு மூடியில் போட்டு, கூழாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து இறுக மூடிவிட வேண்டும். ஒரு நாள் சென்றால் ஜாடிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் நூற்றுக்கு 75-ல் வந்து நிற்கும். இது இயற்கை விதி. நமது கருவி 71 காட்டிற்று. ஆகவே அது சொல்வதோடு எப்போதும் நான்கு கூட்டிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்து காட்டினோம். கருவி எதற்காக வாங்கியது என்பதை மாத்திரம் சொல்லவில்லை.

மாதம் ஒரு முறை தகப்பனாரே பெட்டியைத் திறந்து, முகர்ந்து, சுருட்டைத் திருப்பி வைப்பார். சாளக்கிராமப் பெட்டியைத் திறக்கும் பயபக்தி அதில் இருக்கும்.

நெஞ்சுக்குப் போகாத புகை

2021 கடைசியில் தகப்பனாருக்குக் குரல் கம்மிற்று. மழைக்காலம் என்றோம். பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்தோம். மூன்று மாதம் அப்படியே கழிந்தது. அந்த மூன்று மாதத்துக்கு நாமே பொறுப்பாளி. குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதைப் படித்தவரான நாம் அறிந்திருக்க வேண்டும். 2022-ல் சத்திர சிகிச்சை நடந்தது. குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துவாரம். மூச்சு இனி அதன் வழியே.

உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் குரல் போயிற்று. அதோடு நாம் எதிர்பாராத இன்னொன்றும் போயிற்று. மூச்சு மூக்கு வழியே போகாததால் வாசனை தெரியாது. காபி வாசனை தெரியாது, மல்லிகை தெரியாது, முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்ட புகையிலை வாசனையும் தெரியாது. கொட்டாவியை அடக்குவது போல் வாயை மூடித் தாடையை இறக்கினால் சிறிது காற்று மூக்குக்குள் போகும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு வித்தை கற்பித்தார்கள். தகப்பனார் நாலு நாள் முயன்று, ஸ்லேட்டில் "போதும்" என்று எழுதிவிட்டார்.

நம் வீட்டில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. "சிகரெட்டுத்தான் நெஞ்சைக் கெடுக்கும், சுருட்டுப் புகையை யாரும் விழுங்குவதில்லை, ஆகையால் அது ஒன்றும் செய்யாது" என்பார்கள். தகப்பனாரும் ஒரு நாளும் புகையை உள்ளே இழுத்தவரல்ல. ஆனால் புகை நெஞ்சுக்குப் போகாவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் தங்குகிறதே! பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட்டு சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல் ஆகிய எல்லா இடத்திலும் புற்று உண்டாக்க வல்லது சுருட்டு என்பது ஐயமற நிரூபணமான விஷயம்.

பெட்டியை எறிந்துவிட வேண்டும் என்றார் இல்லத்தரசி. நாமும் அதே அபிப்பிராயந்தான். தகப்பனார் ஸ்லேட்டை எடுத்தார். "அஞ்சு வருஷம் ஆகலை" என்று எழுதினார்.

பரீக்ஷை

2024-ஆம் வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. "மாமா சொல்கிறார் என்பதற்காக இந்த ஒரு தடவை" என்று இல்லத்தரசி உத்தரவு கொடுத்தார். குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். நாம் கொல்லைப் புறத்தில் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக உட்கார்ந்தோம். தகப்பனார் எட்டத்தில், காற்றுக்கு மேல்பக்கம், மடியில் ஸ்லேட்டோடு.

சுருட்டு ஐந்து அங்குல நீளம். கனம் 50/64 அங்குலம். மேலிலையின் எண்ணெய் மினுக்கு முன்னைவிடக் குறைந்து, நன்றாகத் தேய்த்த ஈட்டி மரம் போல் மங்கிய பளபளப்பாகியிருந்தது. பற்றவைக்காமல் முகர்ந்தால் உலர்ந்த திராட்சை, கருப்பட்டி, பழைய புத்தக அலமாரி. 2019-ல் மூக்கைத் துளைத்த நவச்சார நெடி அடியோடு இல்லை. இதை உரக்கச் சொன்னோம். தகப்பனார் தலையை அசைத்தார்.

தலைப்பக்கத்துத் தொப்பியை மெல்ல நறுக்கி, மறு முனையைத் தீயில் படாமல் தீக்கு மேலே காட்டிச் சுற்றிலும் சிவக்க வைத்தோம். தடித்த மேலிலை மெதுவாகத்தான் தீயை ஏற்றுக்கொள்கிறது. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் போனால் சூடேறிக் கசக்கும்.

முதல் மூன்றில் ஒரு பங்கு: பால் விடாத டிகாக்ஷன் காபி, அதன் பின்னால் மிளகு. மிளகாய் மிளகாகத் தணிந்திருந்தது. ஸ்லேட்டில் "காரம்?" என்று கேள்வி வந்தது. "பாதி" என்றோம்.

நடுப்பங்கு: இதுதான் ஐந்து வருஷத்தின் பலன். வறுத்த நிலக்கடலைத் தோல், கருப்பட்டி, சிறிது கோகோவின் கசப்பு, எல்லாம் தனித்தனியே தெரியாமல் ஒன்றாக இழைந்திருந்தன. நாக்கை அறுக்கும் முனை எதுவும் இல்லை. "சாம்பல்?" என்று எழுதினார். சாம்பல் ஓர் அங்குலம் உதிராமல் நின்றது. வெண்மை கலந்த சாம்பல் நிறம். ஷெர்லாக் ஹோம்ஸ் பார்த்தால் இது திருச்சினாப்பள்ளி அல்ல என்று உடனே சொல்லியிருப்பார். "வெள்ளை. நிக்குது" என்றதும் தகப்பனார் முகத்தில் ஒரு மலர்ச்சி.

ஆனால் இந்த இடத்தில் ஒரு முறை கோணலாக எரிந்தது. திரும்பவும் தீ காட்டித் திருத்த வேண்டியிருந்தது.

கடைசிப் பங்கு: சூடு ஏறிற்று, கசப்பு முன்னே வந்தது. நமக்குத் தலை இலேசாகச் சுழன்றது. சுருட்டுப் புகையின் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும், விழுங்காதவனையும் விடாது. சிறிது மீதி இருக்கும்போதே வைத்துவிட்டோம்.

மார்க்கு

பரீக்ஷை என்றால் மார்க்குப் போடாமல் வாத்தியாருக்குத் தூக்கம் வருமா? மறுநாள் காலையில் உட்கார்ந்து போட்டோம்.

தோற்றமும் கட்டும்: 20-க்கு 18.
எரிதல்: 20-க்கு 14.
வாசனை: 20-க்கு 17.
சுவை: 30-க்கு 24.
மறுநாள் காலை: 10-க்கு 1.

கடைசிப் பாடம் ஏன் என்று கேட்பீர்கள். விடிந்த பிறகும் வாயில் சாம்பல். இரண்டு முறை பல் துலக்கியும் போகவில்லை. குழந்தை பக்கத்தில் வந்து, "அப்பா, உன் மேலே நாத்தம்" என்று விலகிப் போயிற்று. அந்த ஒரு மார்க்கும் தயவுக்காகக் கொடுத்தது. மொத்தம் 74. முதல் வகுப்பு; டிஸ்டிங்ஷனுக்கு ஒரு மார்க்குக் குறைவு.

முதிர்வு என்ன செய்தது? நெடியை நீக்கிற்று, காரத்தை மழுக்கிற்று, சுவைகளை இணைத்தது. அதோடு முதல் நாளின் வீறாப்பில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டது. கெட்ட இலையை எத்தனை வருஷம் வைத்தாலும் நல்ல இலை ஆகாது. நல்ல இலையில் மிச்சமிருந்த அவசரத்தைத்தான் காலம் சரிக்கட்டுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நாம் பரீக்ஷித்தது இரண்டே சுருட்டு. கையால் கட்டும் பண்டத்தில் ஒன்றுக்கொன்று பேதம் இருக்கும். இதைக் கொண்டு விதி வகுப்பது விஞ்ஞானம் அல்ல.

மூன்றாவது சுருட்டு

மார்க்குப் பட்டியலைத் தகப்பனாரிடம் கொடுத்தோம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். 'மறுநாள் காலை' என்ற வரியில் விரல் சற்று நேரம் நின்றது. பிறகு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினார்.

அதைக் கொளுத்தச் சொல்வாரோ என்று இல்லத்தரசி வாசற்படியில் நின்றார். தகப்பனார் மூன்றாவது சுருட்டை எடுத்து, அடுப்பங்கரையில் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் சிறிது காட்டி இளக வைத்தார். பிறகு தரையில் காகிதத்தை விரித்து, தொப்பியிலிருந்து தொடங்கி மேலிலையைப் பிரித்தார். ஒரு கிழிசல் இல்லாமல் கறுத்த நாடாவாக அது கழன்று வந்தது. அதன் கீழே கட்டிலை. அதற்குள் நீளவாட்டில் மடித்து வைத்த உள்ளிலைகள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் விரித்து, கட்டை விரலால் நரம்பைத் தடவிப் பார்த்து வரிசையாக வைத்தார். நாம் ஐந்து வருஷம் பாதுகாத்து, ஒரு மணி நேரம் புகைத்தும் அறியாததை அவர் பத்து நிமிஷத்தில் எழுதினார்:

"நடு இலை கனம். உச்சி இலை. மெதுவா எரியும், அதான் நடுவிலே. ஓரம் லேசு. ஒரு பக்கம் இலை ஒண்ணு கூட. உனக்குக் கோணலா எரிஞ்சது இதனாலேயா இருக்கும்."

நாம் எரிதலில் வெட்டிய ஆறு மார்க்குக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அது வேறு சுருட்டு அல்லவா என்று விஞ்ஞானம் பேச வாயெடுத்தோம், பேசவில்லை.

குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இதை எப்படித் திரும்பச் சுத்தறது?" என்று கேட்டது. தகப்பனார் காய்ந்த இலைகளைத் தொட விடாமல், பழைய செய்தித்தாளைக் கிழித்து, எப்படி மடிப்பது, எந்தச் சாய்வில் சுற்றுவது என்று காட்டிக் கொடுத்தார். உறையூரில் இன்று சுருட்டுத் தொழில் மிகவும் சுருங்கிப்போயிற்று. அது சுருங்குவதற்காக நாம் வருத்தப்பட முடியாது. அந்தப் பலகைக்கு ஆணி அடித்த கை இது. ஆனால் அத்தொழிலில் தேர்ந்த விரல்களுக்கு மரியாதை செய்யத் தெரியாமல் போனால், அது நம் குறையே ஆகும்.

பிரித்த இலைகளைத் தகப்பனாரே கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். பெட்டியை நாம் எறியவில்லை. அதில் இப்பொழுது அவருடைய பலப்பங்கள் இருக்கின்றன. ஈரமானி பள்ளிக்கூடத்து ரசாயன அறைக்குப் போய்விட்டது. அது இன்றும் நான்கு குறைத்தே காட்டுகிறது. பிள்ளைகள் கூட்டிக்கொள்கிறார்கள்.